கூரையில் தெரிவதும் சுவருக்குள் மறைவதும்

1928 வாக்கில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் கலப்பின மக்காச்சோள விதை விவசாயிகளின் கைக்கு வந்தது. பழைய விதையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விளைச்சல். தண்டு எளிதில் சாயாது, வறட்சியையும் ஓரளவு தாங்கும். இவ்வளவு நல்ல விதையை ஓரிரு பருவத்துக்குள் எல்லோரும் வாங்கியிருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது வேறு. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளை விசாரித்து 1943-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அந்த 259 பேரில் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் புது விதைக்கு மாறியிருந்தார்கள், ஆனால் அதற்குப் பதின்மூன்று வருஷம் பிடித்திருந்தது. விதையைப் பற்றி முதலில் காதில் போட்டவர் பெரும்பாலும் விற்பனையாளர். வாங்க வைத்தவர் பக்கத்து வயல்காரர். அப்போதும் முதல் வருஷமே முழு நிலத்திலும் விதைத்துவிடவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்தார்கள்.

தூய எரிசக்தி பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த மக்காச்சோளம்தான் ஞாபகத்துக்கு வரும். சோலார் பேனலும் வெப்பப் பம்பும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டாரும் இன்று விதையைப் போலத்தான் பரவுகின்றன, அல்லது பரவாமல் நிற்கின்றன. தொழில்நுட்பம் தயார். பல இடங்களில் விலையும் கட்டுப்படியாகிறது. இருந்தும் ஒரு வட்டாரம் முழுக்க மாறியிருக்க, அடுத்த வட்டாரம் அப்படியே கிடக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் விலை. 2010-க்கும் 2020-க்கும் இடையில் சோலார் பேனலின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் இறங்கியது. உலகில் இதுவரை தயாரான பேனல்களின் மொத்த அளவு இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் இறங்கிவந்திருக்கிறது. இந்த இறக்கம் எந்த ஒரு ஊருக்கும் தனிச்சலுகை இல்லை, எல்லோருக்கும் பொது. ஆனால் பேனல்கள் பொதுவாகப் பரவவில்லை, கொத்துக்கொத்தாகப் பரவின. பிரையன் போலிங்கர், கென்னத் கில்லிங்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியில் ஒரு வீட்டுக் கூரையில் பேனல் ஏறினால், அதே பகுதியில் இன்னொரு வீட்டில் ஏறுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. வருமானம், வெயில், மானியம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தக் கூடுதல் மிஞ்சுகிறது.

காரணம் புரியாததல்ல. பேனல் போட நினைப்பவர் கேட்க விரும்பும் கேள்விகளுக்கு விளம்பரத் தாளில் பதில் இருக்காது. ஆணி அடித்த இடத்தில் மழைக்கு ஒழுகுகிறதா? இன்வெர்ட்டர் நின்றுபோனபோது கூப்பிட்டால் ஆள் வந்தாரா? மின் நிறுவனத்தில் மீட்டர் மாற்றிக் கொடுக்க எத்தனை நாள் அலைந்தீர்கள்? பில் குறைந்தது என்கிறீர்களே, போன மாதத்துப் பில்லைக் காட்டுங்கள் பார்க்கலாம். இதையெல்லாம் தெரிந்தவரிடம்தான் கேட்க முடியும். ஒரு தெருவில் முதல் வீட்டுக்காரர் ஏற்கும் துணிச்சல் மற்றவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதனால்தான் ஒரு வட்டாரத்தில் முதல் நூறு கூரைகள் ஏறுவது கஷ்டம், அடுத்த ஆயிரம் அவ்வளவு கஷ்டமில்லை.

அப்புறம், எதிர்த்திசையிலும் இதே விதி வேலை செய்கிறது. முதல் வீட்டில் கெட்டுப்போனால் தெருவே கேட்டுக்கொள்ளும்.

இங்கேதான் பேனலைப் பொருத்துகிறவர் வருகிறார். ஒரு பேனலைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அதன் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சங்கிலிபோல இணைக்கப்பட்டிருக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் முழுச் சங்கிலியும் தளரும். புகைபோக்கியின் ஒல்லியான நிழல் ஒரு வரிசைச் செல்கள் மேல் விழுந்தால், அந்த வரிசை வழியே போகும் மின்னோட்டமே குறைகிறது. நிழல் விழுந்த செல் மின்சாரம் தருவதற்குப் பதில் மற்ற செல்கள் தருவதை வாங்கிச் சூடாகத் தொடங்கும். அதைத் தவிர்க்கத்தான் பேனலின் பின்பெட்டிக்குள் பைபாஸ் டையோடுகள் வைக்கிறார்கள், அவை நிழல்பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போக வழிவிடும். அதற்குப் பிறகும் இழப்பு இழப்புதான், மூன்றில் ஒரு பங்கு பேனல் சும்மா இருக்கும். காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நிழல் எங்கே போகிறது, குளிர்காலத்துச் சூரியன் எவ்வளவு தாழ்ந்து வரும் என்று பார்க்கத் தெரிந்தவருக்கும், டேப்பால் கூரையின் நீளத்தை அளந்துவிட்டு இத்தனை பேனல் கொள்ளும் என்று சொல்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இருபது வருஷத்துக்கும் மேல் அந்தக் கூரையில் நிற்கும். பேனல் கப்பலில் வந்து இறங்கலாம். இந்தக் கை அந்தந்த வட்டாரத்திலேயே வளர வேண்டும்.

அந்தக் கை வளர்வதற்கு முன் பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. 2009-ல், உலக நிதி நெருக்கடி நேரத்தில், வீடுகளின் கூரைக்கு அடியில் வெப்பக் காப்பு (சூடும் குளிரும் ஊடுருவாமல் தடுக்கும் அடுக்கு) போடும் திட்டத்தை அந்நாட்டு அரசு அவசரமாகத் தொடங்கியது. நோக்கம் நல்லது: வேலையும் கிடைக்கும், மின்சாரமும் மிச்சமாகும். சுமார் ஒரு வருஷத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. போதிய பயிற்சி இல்லாமல் கூரைக்குள் அனுப்பப்பட்ட நான்கு இளைஞர்கள் இறந்துபோனார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தால். பல வீடுகளில் தீப்பிடித்தது. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டு, பிறகு ராயல் கமிஷன் விசாரணை வரை போனது. வெப்பக் காப்பு என்பது எரிசக்தித் துறையிலேயே மிகச் சாதுவான பொருள், அதில் ஓடும் பாகம் ஒன்றுகூட இல்லை. அதைப் போடும் வேலைக்கே கற்றுக்கொடுக்காமல் ஆளை ஏற்றக் கூடாது என்பதை நான்கு உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேகம் வேகம் என்று எல்லோரும் கேட்கிற இந்தக் காலத்தில் எனக்கு அந்த நான்கு பேர் அடிக்கடி நினைவில் வருகிறார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் வெப்பப் பம்பு. குளிர்பதனப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா, அதையே திருப்பி வைத்தால் வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்வரை கிடைக்கும், சில நேரம் அதற்கு மேலும். ஸ்வீடனிலும் சுவிட்சர்லாந்திலும் இது 1980-களிலேயே பரவத் தொடங்கி, பிறகு சறுக்கியது. எண்ணெய் விலை இறங்கியது ஒரு காரணம். சரியாகப் பொருத்தாத கருவிகளால் பெயர் கெட்டது இன்னொரு காரணம். 1990-களில் இரண்டு நாடுகளும் பொறுமையாக அடித்தளத்திலிருந்து வேலையைத் தொடங்கின. கருவிகளைச் சோதிக்கும் மையம் அமைத்தார்கள் (சுவிட்சர்லாந்தில் டோஸ் என்ற இடத்தில் 1993-ல் தொடங்கியது), தரமுத்திரை கொடுத்தார்கள், துளையிடுபவருக்கும் குழாய் வேலை செய்பவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இன்று ஐரோப்பாவில் வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அதிக வெப்பப் பம்புகள் இருப்பது கடுங்குளிர் உள்ள நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில்தான். குளிரான இடத்தில் இது வேலை செய்யாது என்று சொல்லப்படும் கருவி அது.

நம்பிக்கை, வேலை தெரிந்த ஆட்கள், இவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு: பலன் யாருக்குப் போகிறது என்ற கேள்வி. இதற்கு டென்மார்க்கின் சாம்சோ தீவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சுமார் 114 சதுர கிலோமீட்டர் பரப்பு, நாலாயிரத்துக்கும் குறைவான மக்கள், விவசாயம்தான் முக்கியத் தொழில். 1997-ல் டென்மார்க் அரசு ஒரு போட்டி வைத்தது. பத்து வருஷத்தில் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறுவதற்கு நம்பும்படியான திட்டம் எந்தத் தீவிடம் இருக்கிறது? சாம்சோ ஜெயித்தது. பெரிய பரிசுத் தொகை எதுவும் வரவில்லை. தீவிலேயே பிறந்து வளர்ந்த, ஆசிரியராக இருந்த சோரன் ஹெர்மன்சன் வேலையைக் கையில் எடுத்தார். கூட்டம் கூட்டமாகப் போட்டு, ஆட்களைப் பேசிப் பேசிச் சேர்த்தார்.

2000-ல் தரையில் ஒரு மெகாவாட் காற்றாலைகள் பதினொன்று எழுந்தன. 2003 வாக்கில் கடலில் 2.3 மெகாவாட் காற்றாலைகள் பத்து. தரையில் உள்ளவற்றில் ஒன்பது தனிப்பட்ட விவசாயிகளுடையவை, இரண்டு கூட்டுறவுப் பங்குதாரர்களுடையவை. கடலில் உள்ளவற்றில் ஐந்து நகராட்சிக்குச் சொந்தம், மற்றவை உள்ளூர் முதலீட்டாளர்களுக்கும் சிறு பங்குதாரர்களுக்கும். காற்றாலை எங்கே முளைத்தாலும் பார்வைக்கு அசிங்கம், சத்தம் என்று எதிர்ப்பு வருவது உலக வழக்கம். அந்த எதிர்ப்பைப் பொய் என்று ஒதுக்க முடியாது, ஆனால் சுழலும் இறக்கையில் தன் பங்கும் இருக்கிறது என்றால் அதே ஆள் அதை வேறு கண்ணோடு பார்க்கிறார். வீடுகளைச் சூடாக்க, வயலில் மிஞ்சும் வைக்கோலை எரித்து வெந்நீரைக் குழாய்வழியே பல வீடுகளுக்கு அனுப்பும் நிலையங்களைக் கட்டினார்கள். குழாய் எட்டாத வீடுகளில் சூரிய வெந்நீர்க் கருவி, மரச்சில்லுக் கொதிகலன், வெப்பப் பம்பு. கார்களும் படகும் எரித்த எண்ணெய்க்கு ஈடாக, கடலில் விளையும் மின்சாரத்தை கேபிள் வழியே பெருநிலத்துக்கு அனுப்பிக் கணக்கை நேர்செய்தார்கள். அந்த கேபிள் முக்கியம். சாம்சோ தன்னைத் துண்டித்துக்கொண்ட தீவு அல்ல. காற்று இல்லாத நாளில் வாங்குகிறது, அடிக்கும் நாளில் விற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் கண்ணில் படுகிற விஷயங்கள். கூரையில் பேனல் தெரியும், கடலில் காற்றாலை தெரியும். சிக்கனம் தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவருக்குள் வெப்பக் காப்புக்கான கனிமப் பஞ்சு வைத்திருக்கிறார்களா, அவர்கள் வீட்டு மோட்டார் எந்த ரகம் என்பது நமக்கு எப்படித் தெரியும்? மக்காச்சோள விதி இங்கே எடுபடாது. பார்த்துப் பரவ முடியாததைப் பரப்ப வேறு வழி வேண்டும். தூய எரிசக்தித் திட்டங்களில் சிக்கனம் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கருத்து. சேமித்த மெகாவாட்டுக்கு ரிப்பன் வெட்ட இடமில்லை.

பிரிட்டனில் 2013 ஜனவரியில் 'கிரீன் டீல்' என்று ஒரு திட்டம் வந்தது. வெப்பக் காப்புக்குக் கடன் வாங்கலாம், மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்தே தவணை கழியும், கடன் ஆளோடு அல்லாமல் வீட்டோடு ஒட்டியிருக்கும். கணக்கில் குறையே இல்லை. 2015 ஜூலையில் அரசு நிதியை நிறுத்தியபோது கடன் எடுத்திருந்தவை சுமார் 14,000 வீடுகள்தான், எதிர்பார்த்தது அதைப்போலப் பல மடங்கு. வட்டி கவர்ச்சியாக இல்லை, நடைமுறை சிக்கலானது, வீட்டைத் தலைகீழாக்கும் வேலை வேறு. எந்த வீட்டிலும் மனிதர்கள் கணக்குப் பார்த்து மட்டும் வாழ்வதில்லை. பரணில் கிடக்கும் சாமான்களை யார் இறக்குவது என்ற ஒரு கேள்வியே போதும், நல்ல முதலீடு ஒன்று பத்து வருஷம் தள்ளிப்போகும்.

அப்படியானால் எது வேலை செய்தது? குளிர்பதனப் பெட்டியின் கதையைப் பாருங்கள். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற ஒரு சராசரிப் பெட்டி வருஷத்துக்கு ஏறக்குறைய 1,800 யூனிட் மின்சாரம் குடித்தது. கலிபோர்னியா மாகாணம் 1974-ல் ஒரு எரிசக்தி ஆணையத்தை உருவாக்கி, இதற்குமேல் குடிக்கும் பெட்டியை இங்கே விற்கக் கூடாது என்று வரம்பு போட்டது. ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர் துகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்து கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர். மற்ற சில மாகாணங்களும் அவரவர் வரம்பைப் போடத் தொடங்கின. மாகாணத்துக்கு ஒரு பெட்டி தயாரிப்பதைவிட நாடு முழுதும் ஒரே விதி இருப்பது மேல் என்று தயாரிப்பாளர்களே முடிவுக்கு வந்தார்கள், 1987-ல் தேசியச் சட்டம் வந்தது. இன்று அதே நாட்டில், அன்றைய பெட்டியைவிடக் கொள்ளளவு கூடிய பெட்டி அன்றைய மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் எடுக்கிறது. கதவு ரப்பர் இறுகியது, காப்பு நுரை மாறியது, கம்ப்ரஸர் மேம்பட்டது. வாங்கியவர் எவரும் இதற்காக உட்கார்ந்து யோசிக்கவில்லை. கடையில் மோசமான பெட்டி இல்லாமல் போனது, அவ்வளவுதான். ஒரு வட்டாரத்தின் விதி ஒரு நாட்டின் விதியாகும் பாதை இது.

ஜப்பான் 1990-களின் கடைசியில் வேறு ஒரு வழியைப் பிடித்தது. சந்தையில் இப்போது இருப்பதிலேயே சிக்கனமான கருவி எதுவோ அதை இலக்காக வைத்துவிடுவார்கள், சில வருஷத்துக்குள் மற்ற எல்லோரும் சராசரியில் அந்த அளவை எட்ட வேண்டும். கருவி எவ்வளவு சிக்கனமானது என்று காட்டும் ஐரோப்பாவின் வண்ண லேபிளும் நன்றாக வேலை செய்தது. சொல்லப்போனால் எல்லாக் கருவியும் ஏ தரத்தில் குவிந்து, ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் என்று நீட்டிக்கொண்டே போக வேண்டிவந்து, கடைசியில் 2021-ல் அளவுகோலைப் பழையபடி ஏ முதல் ஜி வரை திருப்பி எழுதினார்கள்.

விதி எட்டாத இடமும் உண்டு. தொழிற்சாலையில் ஒரு நீர்ப் பம்பு ஓடுவதை நின்று பாருங்கள். தேவைக்குமேல் தண்ணீர் வருகிறது என்று வால்வைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது, தண்ணீர் வால்வில் முட்டிக்கொண்டு உறுமுகிறது. காரின் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலை இது. இந்த வகைப் பம்பு எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி மாறும். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்றைப் பொருத்தி, வேகத்தை 80 சதவீதமாக இறக்கினால் தேவைப்படும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகும் (0.8 × 0.8 × 0.8 = 0.512). தூக்க வேண்டிய உயரம் அதிகமாக இருந்தால் மிச்சம் இவ்வளவு வராது, ஆனாலும் கணிசமாக வரும். உலகின் மொத்த மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மோட்டார்கள்தான் எடுக்கின்றன என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஒரு மோட்டார் தன் ஆயுளில் குடிக்கும் மின்சாரத்தின் விலை அதை வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு. ஆனால் மோட்டாரை வாங்குவது ஒரு பிரிவு, பில் கட்டுவது இன்னொரு பிரிவு. வாடகை வீட்டிலும் இதே கதைதான்: செலவழிக்க வேண்டியவர் வீட்டுக்காரர், மிச்சம் போவது குடியிருப்பவருக்கு. இந்த முடிச்சை அவிழ்க்க மீட்டரைப் படித்து, வளாகத்துக்குள் நடந்து பார்த்து, அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஆற்றல் தணிக்கையாளர் ஒருவர் வேண்டும். அவரும் வட்டாரத்தில் இருக்க வேண்டியவர்தான்.

வரிசையும் முக்கியம். சிக்கனம் முன்னால் வந்தால் அடுத்து வரும் எல்லாமே சிறிதாகும். காப்புப் போட்ட வீட்டுக்குச் சின்ன வெப்பப் பம்பு போதும், அதற்குக் குறைவான பேனல் போதும். ஆஸ்திரியாவின் கிழக்கு எல்லையில் உள்ள கூஸிங் என்ற சிறு நகரம் 1990-களின் தொடக்கத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது. எரிபொருளுக்காக வெளியே போகும் பணத்தை ஊருக்குள் நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர்கள் முதலில் பொதுக் கட்டடங்களின் வீணடிப்பை அடைத்தார்கள், அப்புறம்தான் சுற்றியுள்ள காட்டு மரத்தைக் கொண்டு வெப்பமும் மின்சாரமும் தயாரிக்கப் போனார்கள். உலகமே பார்க்க வந்த நகரம் அது. மரத்தை வாயுவாக்கி மின்சாரம் எடுத்த அதன் பெயர்பெற்ற மின்நிலையம் 2013-ல் திவாலானது. மரத்தின் விலையும் அரசு உறுதிசெய்த மின்கட்டணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் நல்ல தொழில்நுட்பமும் தடுக்கி விழும். மிச்சப்படுத்தியதற்கு இந்த ஆபத்து இல்லை, சேமித்த வெப்பத்துக்கு யாரும் கட்டண ஒப்பந்தம் போட வேண்டியதில்லை.

இனி மின்தொகுப்பு. ஒரு தெருவின் டிரான்ஸ்பார்மர் ஒரு பக்கமாக மின்சாரம் போவதை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. நண்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் திருப்பி அனுப்பினால் மின்னழுத்தம் ஏறும், சில இன்வெர்ட்டர்கள் தானாகவே நின்றுவிடும். பேனல் பரவலில் முன்னே நிற்கும் வட்டாரங்கள் எல்லாமே இந்தக் கட்டத்தைத் தொட்டிருக்கின்றன. பெரிய அளவில் பார்த்தால், உலகெங்கும் குறைந்தது 3,000 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்கள் தொகுப்பில் இணைய வரிசையில் நிற்கின்றன என்று சர்வதேச எரிசக்தி முகமை 2023-ல் கணக்கிட்டது. பாகிஸ்தானில் 2024-ல் மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல்கள் இறக்குமதியாயின. பெரும்பகுதி, மின்கட்டணம் தாங்காத மக்களும் தொழிற்சாலைகளும் தாங்களாகவே வாங்கியது. பரவல் என்று பார்த்தால் வியக்க வைப்பது. ஆனால் முடிந்தவர்கள் தொகுப்பிலிருந்து விலக விலக, கம்பிகளுக்கும் பழைய மின்நிலையங்களுக்கும் ஆகும் நிலையான செலவு மிச்சம் இருப்பவர்கள் தலையில் ஏறுகிறது. பேனல் வாங்க வசதியில்லாதவரும் சொந்தக் கூரை இல்லாதவரும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறார்கள். கட்டண முறையைத் திருத்துவதையும் பலர் சேர்ந்து பங்கு வாங்கும் பொதுப் பேனல்களுக்கு வழி செய்வதையும் ஒத்திப்போட்டால் இது அநியாயமாகத்தான் முடியும்.

வட்டாரம் என்பது ஊர் அளவில் மட்டும் இல்லை. சிறிய நாடுகள் தனித்தனியாகச் சோதனைக்கூடம் கட்டவோ உற்பத்தியாளரிடம் தரம் கேட்கவோ முடியாது, சேர்ந்தால் முடியும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 2010-ல் கேப் வெர்டேயின் தலைநகரான பிரையாவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கும் சிக்கனத்துக்கும் தங்களுக்கென ஒரு பொது மையத்தைத் தொடங்கின. அதே மாதிரியில் கரீபியனுக்குப் பார்படோஸிலும் பசிபிக் தீவுகளுக்கு டோங்காவிலும் மையங்கள் உண்டாயின. பொதுத் தரம், பொதுப் பயிற்சி, பொதுச் சான்றிதழ் என்று கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மட்டமான எல்இடி விளக்கு வாங்கி ஏமாந்த ஒரு குடும்பம் அடுத்த முறை நல்ல சூரிய விளக்கையும் தொடாது, மண்ணெண்ணெய்க்கே திரும்பும். அதைத் தடுப்பது இந்தச் சான்றிதழ் ஒன்றுதான்.

2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் உலக நாடுகள் இரண்டு வாக்குறுதி கொடுத்தன. 2030-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மூன்று மடங்காக்குவது ஒன்று. ஆற்றல் திறன் மேம்படும் வேகத்தை வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோவது இன்னொன்று. முதலாவது ஓடுகிறது. இரண்டாவது 2024-ல்கூட 1 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றது.

சாம்சோவில் இப்போது வேலை வேறு கட்டத்துக்கு வந்திருக்கிறது. 2030-க்குள் புதைபடிவ எரிபொருளே இல்லாத தீவு என்பது புதுக் குறி. காற்றாலை மின்சாரத்தை ஏற்றுமதி செய்து கணக்கை நேர்செய்த காலம் போய், எண்ணெயையே நிறுத்த வேண்டிய காலம். வயலில் டிராக்டர்கள் இன்னும் டீசலில் ஓடுகின்றன. பழைய பண்ணை வீடுகளின் சுவர்கள் இருக்கின்றன.